பெற்றவர் பெருமை: திருக்குடும்பப் பெருவிழா மறையுரை



பெருமைப்பட நல்ல வாய்ப்பு கிடைத்த ஓர் இடத்தில் மரியா பெருமைப்படவில்லை. இன்றைய நற்செய்தியை வாசித்தபோது எனக்கு அதுதான் பட்டது. எருசலேம் கோவிலில் மறைநூலைக் கரைத்துக் குடித்த போதகர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் நடுவே பன்னிரண்டு வயது இயேசு. அவர்கள் சொல்வதைக் கேட்கிறார், திருப்பிக் கேள்வி கேட்கிறார், பதிலும் சொல்கிறார். கேட்டவர்கள் எல்லோரும் மலைத்துப்போனார்கள் என்கிறார் லூக்கா. சரியாக அந்த நேரத்தில் அப்பாவும் அம்மாவும் உள்ளே வருகிறார்கள். நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? செல்போன் தானாகவே கைக்கு வந்திருக்கும். பக்கத்தில் நிற்பவரிடம், “எம் பையன்தானுங்க” என்று சொல்லாமல் இருந்திருப்போமா?

மரியாவின் வாயிலிருந்து வந்தது புகழ்ச்சி அல்ல, ஏக்கம். ஏன் இப்படிச் செய்தாய், உன் அப்பாவும் நானும் எப்படித் தவித்துப்போனோம் தெரியுமா என்று கேட்கிறார். மூன்று நாள் தேடிய தாய். அறிஞர்கள் அசந்து நிற்பது அவர் கண்ணில் படவே இல்லை. பிள்ளை கிடைத்துவிட்டான், அது போதும். திறமை பிறகு.

நான்கைந்து நாள் முன்பு கிறிஸ்து பிறப்பு இரவில் நம் ஆலய முற்றத்தில் நடந்ததை யோசித்துப் பாருங்கள். தெர்மோகோல் இறக்கை கட்டிய வானதூதர்கள், அப்பாவின் துண்டைத் தலையில் கட்டிய இடையர்கள். குடிலை இந்த முறை பையன்களே கட்டினார்கள். சாக்குத் துணியில் மண் குழைத்துப் பூசி மலை செய்து, அடிவாரத்தில் கேழ்வரகு விதைத்துப் புல் முளைக்க வைத்திருந்தார்கள். எனக்கே பிரமிப்பாக இருந்தது. ஆனால் நாடகம் தொடங்கியதும் முன்வரிசைப் பெற்றோர் அத்தனை பேரும் எழுந்து நின்று படம் பிடித்ததில், பின்னால் உட்கார்ந்திருந்த பாட்டிமாருக்கு மேடையே தெரியவில்லை. அவரவர் பிள்ளை வரும்போது மட்டும் அவரவர் கை உயர்ந்தது. அடுத்த வீட்டுப் பிள்ளை வசனம் சொல்லும்போது இறங்கிவிட்டது.

அப்படியானால் பெருமைப்படுவது பாவமா என்று யாரும் பதற வேண்டாம். யோர்தான் ஆற்றில் வானம் திறந்து தந்தையாகிய கடவுளே தம் மகனைக் குறித்து ஊரறியச் சொல்லிவிட்டார், இவர் என் அன்பு மகன், இவரில் மகிழ்கிறேன் என்ற பொருளில். அதை எப்போது சொன்னார் என்று பாருங்கள். இயேசு அதுவரை ஒரு புதுமையும் செய்யவில்லை. ஒரு நோயாளியும் குணமாகவில்லை. கானாவில் தண்ணீர் திராட்சை இரசமாகவில்லை, மலைப்பொழிவு நடக்கவில்லை. பரிசு வாங்குவதற்கு முன்பே தந்தை பெருமைப்பட்டுவிட்டார். நாம் பரிசளிப்பு விழா முடிந்த பிறகுதான் பெருமைப்படுகிறோம்.

பெற்ற பொழுதைவிடப் பெரிதாக ஒரு தாய் எப்போது மகிழ்கிறாள் என்று சொல்கிற குறளை நீங்கள் எல்லோரும் பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறீர்கள், நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குறளில் வரும் தாய் மகனைப் பற்றிப் பிறர் சொல்லக் கேட்கிறாள். அவள் போய் யாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாசகத்தில் அன்னாவைப் பார்த்தோம். பிள்ளை வேண்டிச் சீலோவில் அழுதவர். பிள்ளை பிறந்து பால்குடி மறந்ததும் அதே ஆலயத்துக்குக் கொண்டுபோய் ஆண்டவருக்கென்று விட்டுவிட்டு வந்தார். இன்று வாசித்த பகுதிக்குச் சற்றுத் தள்ளி ஒரு செய்தி இருக்கிறது, அது எனக்கு மிகவும் பிடிக்கும். ஆண்டுதோறும் பலி செலுத்தப் போகும்போது அன்னா சாமுவேலுக்குச் சிறிய மேலாடை ஒன்று செய்து எடுத்துப் போவார். விட்டுக்கொடுத்த பிள்ளைக்கு ஒவ்வொரு வருடமும் அளவு மாற்றித் தைக்க வேண்டும். எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று மனதுக்குள்ளேயே கணக்குப் போட வேண்டும்.

அன்னாவை நினைத்தால் நமக்குப் பக்கத்து ஊர்க் குடும்பம் ஒன்று என் நினைவுக்கு வருகிறது. காவிரிக்கரை மோகனூர். அங்கே காவல்துறையில் வேலை பார்த்த வெங்கடராம பிள்ளை, அவர் மனைவி அம்மணி அம்மாள். அவர்களுக்கு எட்டாவது குழந்தையாக 1888 அக்டோபர் 19-ஆம் நாள் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. இராமேசுவரத்து ஆண்டவனை வேண்டிப் பெற்ற பிள்ளை என்பதால் இராமலிங்கம் என்று பெயர் வைத்ததாகச் சொல்வார்கள். அவர்கள் வேண்டிய கோவில் வேறு, அன்னா வேண்டிய கோவில் வேறு. தவமிருந்த தாயின் நெஞ்சு ஒன்றுதான்.

அந்தப் பிள்ளைக்குச் சிறு வயதிலேயே படம் வரைய வந்தது. படிக்கவும் வைத்தார்கள். நாமக்கல், கோயம்புத்தூர், பிறகு திருச்சி பிஷப் ஹீபர் கல்லூரி. படித்த பிள்ளைக்கு என்ன வழியோ அந்த வழியில்தான் முதலில் போனார். நாமக்கல் தாசில்தார் அலுவலகத்தில் எழுத்தர். அடுத்து தொடக்கப்பள்ளி ஆசிரியர். இரண்டிலும் அவர் கால் நிலைக்கவில்லை. தூரிகை இழுத்துக்கொண்டே இருந்தது. அரசாங்க உத்தியோகத்தை விட்டுவிட்டுப் படம் வரைகிறேன் என்று இன்று உங்கள் வீட்டுப் பையன் வந்து நின்றால் என்ன சொல்வீர்கள்? நூறு வருடங்களுக்கு முன்னால் இந்த ஊரில் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை உங்கள் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன்.

பிறகு பெருமைப்படும்படி ஒன்று நடந்தது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் டெல்லி தர்பாரையொட்டி அவர் வரைந்த ஓவியத்துக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. மோகனூர்ப் போலீஸ்காரர் மகனுக்கு மன்னரின் தர்பாரில் பதக்கம்! திறமையை அளக்க நாம் வைத்திருக்கும் படியால் அளந்தால், அவர் கதை அங்கேயே உச்சிக்குப் போய்விட்டது. சுவரில் மாட்ட ஒரு பதக்கம் வந்தாயிற்று.

ஆண்டவரின் அளவு வேறாக இருந்தது. அதே மனிதர் விடுதலைப் போராட்டத்தில் இறங்கினார். கை தூரிகையிலிருந்து எழுதுகோலுக்கும் போனது. 1930 ஏப்ரலில் இராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு உப்பெடுக்கத் தொண்டர்கள் நடந்தார்களே, அவர்கள் வழியெல்லாம் பாடிக்கொண்டு போனது இவர் எழுதிய பாட்டு. கத்தி எடுக்காத, இரத்தம் சிந்தாத போரைப் பற்றிய அந்தப் பாட்டை உங்களில் பலர் இப்போது மனதுக்குள் முணுமுணுக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அதே 1930-இல், அடுத்த மாதம், நம் சேலம் மறைமாவட்டம் உருவானது. அந்த நடைப்பயணத்தை நடத்திய இராஜாஜி நம் சேலத்தில் வக்கீலாக இருந்தவர், சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர், திருச்செங்கோட்டுப் பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கியவர். இதெல்லாம் எங்கோ நடந்த கதை அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

1932-இல் இராமலிங்கம் ஓராண்டுச் சிறைக்குப் போனார். எந்த மன்னரின் தர்பாரில் பதக்கம் கிடைத்ததோ, அதே மன்னரின் அரசு பூட்டிய சிறை. இந்த இடத்தில் பெற்றோராகிய உங்களைக் கேட்கிறேன். பதக்கத்தை வந்தவருக்கெல்லாம் எடுத்துக் காட்டலாம். மகன் ஜெயிலுக்குப் போன செய்தியை எத்தனை பேரிடம் சொல்வீர்கள்? ஆனால் இன்று பதக்கம் வாங்கிய ஓவியம் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? சாலையில் நடந்தவர்களுக்குக் காலில் தெம்பு கொடுத்த பாட்டுதான் நிற்கிறது. 1949-இல் சென்னை மாகாண அரசு அவரை அரசவைக் கவிஞராக்கியது, 1971-இல் பத்மபூஷண் வந்தது. சென்னைத் தலைமைச் செயலகத்தில் பத்து மாடிக் கட்டடம் அவர் பெயரில் நிற்கிறது. அவையெல்லாம் பின்னால் வந்த மரியாதைகள். ஒரு திறமை யாருக்காகக் கொடுக்கப்பட்டதோ அவர்களிடம் போய்ச் சேர்ந்த நாள் அந்த ஏப்ரல் மாத நாள்.

மரியாவுக்கு இயேசு சொன்ன பதிலும் இந்தப் பக்கம்தான் நம்மைத் திருப்புகிறது. உன் அப்பாவும் நானும் என்று மரியா யோசேப்பைச் சேர்த்துச் சொன்னார். மகனோ தம் தந்தையைப் பற்றி, அந்தத் தந்தையின் காரியத்தில் தாம் இருக்க வேண்டியதைப் பற்றிப் பேசினார். பெற்றவர்களுக்கு அது புரியவில்லை என்று லூக்கா ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். எனக்கு அது ஆறுதலாக இருக்கிறது. மரியாவுக்கும் யோசேப்புக்குமே தங்கள் பிள்ளையின் வரம் முழுதாகப் புரியவில்லை என்றால், உங்கள் பையன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஏன் விடாமல் படம் போடுகிறான் என்பது உங்களுக்குப் புரியாததில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நீங்கள் கொடுக்காத ஒன்று அவனிடம் இருக்கிறது. கொடுத்தவர் ஒருவர் இருக்கிறார். அவரைக் கேட்காமல் அதை விற்கவும் முடியாது, புதைக்கவும் கூடாது.

நம் பகுதியில் புதைப்பதுதான் அதிகம் நடக்கிறது. “படிப்பு போயிருமுங்க ஃபாதர்” என்று எத்தனை அப்பாக்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்! உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. லாரிக்குத் தவணை கட்ட வேண்டும். முட்டை விலை இறங்கினால் கோழித் தீவனக் கடன் ஏறும். ரிக் வண்டியில் வடநாட்டுக்குப் போன அப்பா ஆறு மாதம் கழித்துத்தான் வருவார். பிள்ளையாவது நிழலில் உட்கார்ந்து சம்பாதிக்கட்டும் என்று நினைக்கிறீர்கள். அதனால் பதினோராம் வகுப்பில் விடுதிப் பள்ளிக்கு அனுப்பும்போது வரைகிற நோட்டும் பாட்டும் வீட்டிலேயே தங்கிவிடுகின்றன. இரண்டு வருடம் கழித்துப் பிள்ளை மார்க்கோடு வருகிறது. அந்த நோட்டைத் தேடுவதில்லை. இதே நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளில் பள்ளிப்படிப்பு முடிக்காத கைகள் பூவும் மயிலும் வரைந்து அனுப்பிய வண்டிகள் காஷ்மீர் வரை ஓடியிருக்கின்றன. அந்தப் பெயிண்டர்களை ஓவியர் என்று நாம் ஒருநாளாவது கூப்பிட்டிருக்கிறோமா?

அதற்காக வரைகிற பிள்ளை வீட்டு வேலை செய்ய வேண்டாம், பரீட்சை எழுத வேண்டாம் என்று நான் சொன்னதாக யாரும் போய்ச் சொல்லிவிடாதீர்கள். போதகர்களை மலைக்க வைத்த இயேசு அப்பா அம்மாவோடு நாசரேத்துக்குத் திரும்பினார், அவர்களுக்குப் பணிந்து நடந்தார். ஏறக்குறைய முப்பது வயது வரை தச்சுப் பட்டறை. அந்த ஆண்டுகளில் அவருக்குக் கைதட்ட யாரும் இல்லை. திறமைசாலிப் பிள்ளை என்பதால் தண்ணீர்க் குடம் தூக்க வேண்டாம் என்று மரியா சொல்லியிருப்பார் என நான் நம்பவில்லை.

இன்னொரு பக்கம் இப்போது புதிதாக வளர்ந்திருக்கிறது. பிள்ளைக்குக் குரல் நன்றாக இருக்கிறது என்று தெரிந்தவுடன் தொலைக்காட்சிப் போட்டி, ரீல்ஸ், எத்தனை லைக் என்று ராத்திரி எண்ணுவது. புதைக்கிறவர்களைவிட இவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். விடுதலைப் பயண நூலை எடுத்து 31, 32 அதிகாரங்களைத் தொடர்ந்து வாசியுங்கள். முப்பத்தொன்றில் ஆண்டவர் ஊரியின் மகன் பெட்சலேலைப் பெயர் சொல்லி அழைக்கிறார். பொன், வெள்ளி, வெண்கலம், மரம், கல் எதிலும் வேலைப்பாடு செய்யும்படி இறை ஆவியால் அவரை நிரப்பியிருக்கிறார். சந்திப்புக் கூடாரத்தை அமைக்க அந்தக் கை வேண்டும். தந்தை ஊரி என்ன செய்தார் என்று ஒரு வரிகூட இல்லை. ஆனால் மகனைக் குறிப்பிடும்போது கடவுள் தந்தையின் பெயரையும் பாட்டனார் கூரின் பெயரையும் சேர்த்தே சொல்கிறார். பெற்றவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

அடுத்த அதிகாரத்தில் பொன் கன்றுக்குட்டி. அதுவும் கைவேலைதான். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் வேலை செய்கிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். உருக்கி வார்த்து உளியால் திருத்துவதற்கு எவ்வளவு நுணுக்கம் வேண்டும் என்று உங்களுக்குத்தான் தெரியும். கூடாரத்துக்கு வேண்டிய அதே வித்தை, அதே தங்கம். அந்தத் தங்கம் எங்கிருந்து வந்தது? மனைவியர், புதல்வர், புதல்வியர் காதுகளிலிருந்து கழற்றி வாங்கியது. பிள்ளைகளின் காதிலிருந்து கழற்றித்தான் பெரியவர்கள் தங்களுக்கு ஒரு சிலை செய்துகொண்டார்கள். பிறகு அதைச் சுற்றி ஆடினார்கள். இன்று நாம் பிள்ளையிடமிருந்து தூக்கத்தைக் கழற்றுகிறோம், விளையாட்டைக் கழற்றுகிறோம், தோற்றுப்போகும் உரிமையையும் கழற்றுகிறோம். அதில் செய்கிற சிலைக்கு நம் முகம்தான் இருக்கிறது.

செபதேயுவின் மனைவியும் தம் இரண்டு மகன்களுக்காக இயேசுவிடம் வந்து கேட்டார். வலப்பக்கம் ஒருவன், இடப்பக்கம் ஒருவன். நல்ல தாய்தான். இடத்தைக் கேட்டார், துன்பக் கிண்ணத்தைப் பற்றி யோசிக்கவில்லை.

ஐரோப்பாவில் நடந்த ஒன்றையும் சொல்கிறேன். மொசார்ட் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள், இசை மேதை. அவருடைய தந்தை லியோபோல்டும் இசைக்கலைஞர், நல்ல கத்தோலிக்கர். தன் மகன் கடவுள் சால்ஸ்பர்க் நகரில் பிறக்கவைத்த அதிசயம் என்றே கடிதத்தில் எழுதினார். 1763-இல் ஏழு வயது மகனையும் அவனைவிட நான்கரை வயது மூத்த மகள் நானர்லையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். மூன்று ஆண்டுகளுக்கு மேலாகக் குதிரை வண்டியில் ஊர் ஊராக, அரண்மனை அரண்மனையாக வாசிக்க வைத்தார். 1765-இல் ஹாலந்தில் நானர்லுக்கு நோய் முற்றி, குருவானவர் வந்து கடைசி அருளடையாளம் கொடுக்கும் அளவுக்குப் போய்விட்டது. அவள் எழுந்தாள், அடுத்து பையன் படுத்தான். லியோபோல்டைக் கொடுமைக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன். பையன் உருவாக்கிய இசையை உட்கார்ந்து எழுதிவைத்தவர் அவர், சொல்லிக்கொடுத்தவரும் அவரே. பெருமை கண்ணை மறைத்தால் அன்புள்ள அப்பாவும் இப்படிச் செய்வார்.

நானர்ல் என்ன ஆனாள்? அவளும் தம்பிக்குச் சமமாக மேடையில் வாசித்தவள்தான். பதினெட்டு வயதானதும் தந்தை தம்பியை மட்டும் இத்தாலிக்குக் கூட்டிப்போனார். அவள் வீட்டில் தங்கிவிட்டாள், பிறகு கல்யாணம். அவள் ஒரு பாட்டு எழுதி அனுப்பியதைப் பார்த்துத் தம்பியே வியந்து கடிதம் எழுதியிருக்கிறான். அந்தப் பாட்டு உட்பட அவள் எழுதியது எதுவும் இன்று கிடைக்கவில்லை.

இதைக் கேட்கும்போது நம் பங்கு ஞாபகத்துக்கு வருகிறதா, இல்லையா? மறைக்கல்வி வகுப்பில் நன்றாகப் பாடுவது, படம் போடுவது, நாடகத்துக்கு வசனம் எழுதுவது பாதிக்கு மேல் பெண்பிள்ளைகள். பத்தாம் வகுப்பு வரை அப்பாவுக்குப் பெருமை. வயதுக்கு வந்த பிள்ளை மேடை ஏறலாமா என்று அப்புறம் ஒரு பேச்சு. கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் குரல் சமையல்கட்டில் குக்கர் சத்தத்துக்கு நடுவே மட்டும் கேட்கும். மகனின் திறமை வீட்டுக்குச் சொத்து, மகளின் திறமை வரன் பார்க்கும்போது சொல்ல ஒரு தகுதி. இப்படிப் பங்கு பிரிக்கும் அதிகாரத்தை ஆண்டவர் யாரிடம் கொடுத்தார்?

நம் மறைமாவட்டப் பேராலயம் குழந்தை இயேசுவின் பெயரில் இருக்கிறது. அங்கே போய் மண்டியிடுகிற நாம் வீட்டிலிருக்கும் குழந்தையிடம் இன்று ஒன்று கேட்கலாம். நீ வரைந்ததை எனக்குக் காட்டு என்று கேளுங்கள். பார்த்துவிட்டு, யாருக்கும் அனுப்பாமல், இது என்ன, ஏன் இந்த நிறம் என்று விசாரியுங்கள். கடையில் ஒரு நல்ல நோட்டு, ஒரு பெட்டி வண்ணம் வாங்கிக் கொடுங்கள். அன்னா மேலாடை தைத்த மாதிரி, அடுத்த வருடம் அதற்கு அடுத்த அளவு. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் திறமை கண்ணில் பட்டால் அவளுடைய அப்பாவிடம் நீங்கள் போய்ச் சொல்லுங்கள். அதைப் பெற்றவர்கள் பிறர் வாயால்தான் கேட்க வேண்டும்.

மாமியார்மாருக்கு ஒரு விண்ணப்பம். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு இங்கே பாடகர் குழுப் பயிற்சி. மற்ற பங்குகளில் பாடிக்கொண்டிருந்து, நம் ஊருக்கு வாழ வந்த மருமகள்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். இந்த வாரம் அவர்களை அனுப்பிவையுங்கள். ஆல்டோ பாட இரண்டு பேர் குறைகிறார்கள், ஆர்மோனியத்துக்கும் ஆள் வேண்டும். சின்னக் குழந்தை இருக்கிறது என்றால் தூக்கிக்கொண்டு வரட்டும், அழுதால் நான் பார்த்துக்கொள்கிறேன். சாப்பாடு அன்றைக்கு எட்டரை மணிக்கு ஆகட்டும்.

எழுந்து நிற்போம். நம்பிக்கை அறிக்கை.